மீரான் துடைத்த மூடி

தென்காசி ரயிலடிப் பக்கத்து டீக்கடையில் உட்கார்ந்து பேசுகிறவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. ஒரு ஆளைப் பற்றி ஏதாவது ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் அவன் கண்ணை மூடுகிறவரை அதையே சொல்லிக்கொண்டிருப்பார்கள். மெக்கானிக் முகம்மது மீரானைப் பற்றி அவர்கள் பிடித்துவைத்திருப்பது இது: "அந்த ஆளு வண்டிய ஒழுங்காப் பாக்காம விட்டதாலதான் சங்கிலிப்பாண்டியோட பிள்ளை செத்துப்போச்சு." ஆறு வருஷமாகச் சொல்கிறார்கள். மீரான் ஒரு நாளும் மறுத்ததில்லை. மறுக்காத ஆள் கிடைத்தால் நம் ஊர்க்காரர்களுக்குக் கொண்டாட்டம்தான்.

நான் மேலகரம் டாக்டரம்மாவின் டிரைவர் குத்தாலிங்கம். அன்றைக்கு வழியில் நின்றுபோன அந்தக் காரை ஓட்டியவன் நான். மீரான் மேல் விழுந்த பழி உண்மையில் யாருடையது என்று போன மாதம்தான் எனக்குத் தெரிந்தது. தெரிந்த பிறகும் வாயை மூடிக்கொண்டிருந்தால் எனக்குத் தின்கிற சோறு இறங்காது. அதனால் எழுதுகிறேன். நான் பத்தாவது வரை படித்தவன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மீரானின் தகப்பனார் ரயிலடியில் குதிரை வண்டி ஓட்டியவர். மகன் குதிரையோடு மாரடிக்க விரும்பவில்லை. சண்டைக் காலத்தில் பட்டாளத்தில் சேர்ந்து, லாரி பழுது பார்க்கிற பிரிவில் நாலு வருஷம் இருந்துவிட்டு நாற்பத்தாறில் திரும்பி வந்தார். வரும்போது கொண்டுவந்தது ஒரு தகரப்பெட்டி, அது நிறைய ஸ்பேனர், அப்புறம் துடைக்கிற பழக்கம். பட்டாளத்தில் ஒரு வெள்ளைக்கார சார்ஜெண்ட், அழுக்கோடு என்ஜினைத் தொட்டால் முட்டியில் அடிப்பானாம். அந்த அடி இவருக்கு ஆயுசுக்கும் போதுமானதாக இருந்தது. பழைய வேட்டியைக் கிழித்து, வீட்டில் வெளுத்து மடித்த வெள்ளைத் துணி ஒன்று எப்போதும் தோளில் கிடக்கும். எந்த வண்டி வந்தாலும் சரி, முதல் வேலை அந்தத் துணியைப் பெட்ரோலில் நனைத்து என்ஜினை மேலிருந்து கீழ்வரை துடைப்பது. அதன் பிறகுதான் பார்ப்பார்.

"அழுக்கோட வண்டியப் பாக்கது, முகம் கழுவாம தொழப் போறதுக்குச் சமம்வே" என்பார்.

பீடி கிடையாது, வெற்றிலை கிடையாது. வாயில் ஒரு சுக்குமிட்டாயை அடக்கிக்கொண்டுதான் வேலை செய்வார். நின்றுபோன வண்டியின் முன்னால் போய் நின்றால் அவர் கேட்கிற கேள்வி ஒன்றுதான். "வயித்துக் கோளாறா, நரம்புக் கோளாறா?" பெட்ரோல் சரியாக வந்து சேரவில்லை என்றால் அது வயிறு. அப்போது கார்புரேட்டரைக் கழற்றுவார். பிளக்குக்கு நெருப்பு வரவில்லை என்றால் அது நரம்பு. பாட்டரியிலிருந்து ஒவ்வொரு ஒயராகப் பிடித்துக்கொண்டு போவார். பிளக்கைக் கழற்றி மூக்கருகே வைத்து மோந்து பார்ப்பார். ஈரமாகப் பெட்ரோல் வாடை அடித்தால் நரம்பு, காய்ந்து கிடந்தால் வயிறு. ஒயரில் கரண்டு வருகிறதா என்று நாக்கில் வைத்துப் பார்ப்பதும் உண்டு. டாக்டரம்மா இதை ஒரு நாள் பார்த்துவிட்டு, "மீரான், என் தொழிலையும் சேர்த்துப் பிடுங்கிக்கிட்டீங்களே" என்று சிரித்தார்.

டாக்டரம்மா என்றால் டாக்டர் சண்முகசுந்தரி. மேலகரத்தில் பழைய குடும்பம். மெட்ராஸில் படித்துவிட்டு, அங்கேயே இருந்து பேர் வாங்காமல், ஊருக்கு வந்து பிரசவம் பார்க்கத் தொடங்கியவர். ஐம்பத்தேழில் மலைமேல் தேயிலை எஸ்டேட் மேனேஜர் ஒருவர் சீமைக்குத் திரும்பும்போது விட்டுப்போன காரை அவர் வாங்கினார். ஜெர்மன் கார். ஆமையைக் கவிழ்த்து வைத்தது போல இருக்கும். என்ஜின் பின்னால், பெட்டி படுக்கை வைக்கிற இடம் முன்னால். தண்ணீரே ஊற்ற வேண்டாம், காற்றிலேயே குளிர்ந்துகொள்ளும்.

அந்தக் கார் தென்காசிக்கு வந்த முதல் வாரம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். பெட்ரோல் பங்கில் நிறுத்தினால் கூட்டம் கூடிவிடும். "தண்ணி எங்கன ஊத்துவீரு?" என்று கேட்பார்கள். ஊற்ற வேண்டாம் என்றால் நம்ப மாட்டார்கள். ஊரெல்லாம் தண்ணீர் விழுகிற ஊருக்குத் தண்ணீர் குடிக்காத வண்டி வந்திருக்கிறதே என்று அவர்களுக்கு ஒரு வருத்தம். ஒரு லாரி கிளீனர், பாவம் உதவி செய்கிறேன் என்று வாளியோடு வந்து பெட்ரோல் மூடியைத் திறந்தேவிட்டான். நான் அவன் கையைப் பிடித்துத் தள்ளியிராவிட்டால் கதை அன்றோடு முடிந்திருக்கும்.

இன்னொரு சங்கடமும் இருந்தது. அதுதான் இந்தக் கதைக்கு முக்கியம்.

நான் வெள்ளிக்கிழமை தோறும் காலையில் குற்றாலநாதர் கோவிலுக்குப் போகிறவன். திருநீறு வாங்கி, நெற்றியில் இட்டு, மிச்சத்தைத் தண்ணீரில் குழைத்து வண்டிக்கும் மூன்று விரலால் இழுத்துவிடுவேன். எந்த டிரைவரும் செய்வதுதான். பஸ் என்றால் முன் மூஞ்சியில் இழுப்போம், லாரி என்றாலும் அப்படித்தான். அங்கே என்ஜின் இருக்கிறது, அதனால் வண்டியின் உயிர் அங்கே இருக்கிறது. இந்த ஆமைக் காருக்கு முன்னால் என்ன இருக்கிறது? ஒரு ஸ்டெப்னியும், டாக்டரம்மாவின் கிழிந்த குடையும். ஸ்டெப்னிக்குத் திருநீறு பூச எனக்கு மனசு வரவில்லை. பின்கதவைத் திறந்தேன். உள்ளே எல்லாம் கருப்புத் தகரமும் ஒயருமாக இருந்தது. அதில் ஒரே ஒரு இடம் மட்டும் உருண்டு, வழவழவென்று, மொட்டையடித்த தலை மாதிரி இருந்தது. அதிலிருந்து ஐந்து ஒயர்கள் கிளம்பின. டிஸ்ட்ரிபியூட்டர் மூடி. நாலு பிளக்குக்கும் முறை வைத்து நெருப்பைப் பங்கிட்டு அனுப்புகிற மூடி அது. அதில் இழுத்தேன் மூன்று கோடு. சின்ன மூடிதான், மூன்று விரலையும் நெருக்கி வைத்தால்தான் அடங்கும்.

முதல் ஆனி மாதம் சாரல் தொடங்கியதும் கார் நின்றது. ஐந்தருவி ரோட்டில், குளிக்க வந்த கூட்டத்துக்கு நடுவில். உள்ளூர்க்காரர்களுக்கு இதைவிட நல்ல வேடிக்கை ஏது? "தண்ணி ஊத்தாம ஓட்டினா நிக்காம என்ன செய்யும்?" என்று ஆளாளுக்குத் தீர்ப்பு. நான் ஒருவனை அனுப்பி மீரானை வரவழைத்தேன். சைக்கிளில் வந்தார். துணியை எடுத்தார், துடைத்தார். பிறகு கார்புரேட்டரைத் திறந்து, ஊசிக் கண் மாதிரி துளையுள்ள ஜெட்டைக் கழற்றி வாயால் ஊதினார். மாட்டினார். வண்டி கிளம்பியது. "வயித்துக் கோளாறு" என்றார். எனக்குச் சந்தோஷம். கோவில் வழியில்தானே, திருநீறு வாங்கி ஒரு முறை அதிகமாகவே பூசினேன்.

பதினைந்து நாள் கழித்து மறுபடி நின்றது. மறுபடி வந்தார், துடைத்தார், இந்தத் தடவை நெருப்பைத் தட்டிவிடுகிற பாயிண்டைத் தேய்த்து இடைவெளி வைத்தார். கிளம்பியது. "நரம்பு" என்றார். அடுத்த தடவை கண்டன்சர். அதற்கடுத்த தடவை பாட்டரியை வண்டியோடு இணைக்கிற பட்டை. வெயில் காலத்தில் ராஜா மாதிரி ஓடும் வண்டி, சாரல் விழுந்தால் மட்டும் எங்காவது நின்றுவிடும். சில சமயம் மீரான் வந்து சேருவதற்குள் என்ஜின் சூட்டில் உலர்ந்து தானாகவே கிளம்பும். அப்போது அவருக்குக் கோபம் வருவது போல வேறு எப்போதும் வராது.

"நோயாளி டாக்டரப் பாத்ததும் எந்திரிச்சு உக்காந்துட்டா நான் என்னன்னுவே மருந்து குடுப்பேன்?"

இப்படி மூன்று சீசன். இப்போது யோசித்தால் எல்லாம் பட்டப்பகலாகத் தெரிகிறது. அவர் முதலில் துடைத்தார். துடைத்ததுமே கோளாறு போய்விட்டது. அதற்குப் பிறகு அவர் எதைத் தொட்டாலும் அதுதான் காரணம் என்று ஆனது. நான் நன்றி சொல்லித் திருநீறு பூசினேன். பூசிய நீறு சாரலில் ஈரமானதும், நெருப்பு பிளக்குக்குப் போகாமல் நீற்றின் வழியே ஓடிப் போயிற்று. கார் நின்றது. அவரும் நானும் செக்குமாடு மாதிரி மூன்று வருஷம் அதையே சுற்றி வந்திருக்கிறோம்.

அவர் கண்ணில் அந்தத் திருநீறு படவில்லையா என்று கேட்கலாம். பட்டிருக்கும். தென்காசியில் நீறு பூசாத வண்டி எது? ஸ்டியரிங்கில் இருக்கும், முன் கண்ணாடியில் இருக்கும், பாட்டரிப் பெட்டியில்கூட இருக்கும். தினமும் நூறு தடவை பார்க்கிற ஒன்றை யார் பார்க்கிறார்கள்? தூசியோடு தூசியாக அவர் துணியில் போய்விட்டது.

அறுபதாம் வருஷம் ஆடி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. முந்தின நாள் வண்டி நின்று, மீரான் அதைக் கடைக்கே கொண்டுபோய் ஒரு பகல் முழுவதும் உட்கார்ந்து எல்லாவற்றையும் பிரித்துப் பூட்டியிருந்தார். காலையில் வண்டியை எடுக்க டாக்டரம்மாவும் என்னோடு வந்திருந்தார்.

"மீரான், நம்பிப் போகலாமா?" என்று கேட்டார். "இந்த வாரம் நாலு பிரசவம் இருக்கு."

"போங்கம்மா. இனி நிக்காது. நின்னா என் பேர மாத்திக்கிடுதேன்" என்றார் மீரான்.

அவர் அப்படி அடித்துச் சொல்லிக் கேட்டது எனக்கு அதுதான் முதல் தடவை. நிம்மதியாக இருந்தது. டாக்டரம்மாவை வீட்டில் இறக்கிவிட்டு, வெள்ளிக்கிழமை ஆயிற்றே என்று நேரே குற்றாலம் போனேன். கோவிலில் கும்பிட்டேன். மீரான் வாக்குப் பலிக்க வேண்டும் என்றுதான் வேண்டிக்கொண்டேன். பிறகு பின்கதவைத் திறந்து மூன்று விரலால் அழுத்தி இழுத்தேன்.

மத்தியானம் ஐந்தருவி தாண்டி ஒரு தோப்பிலிருந்து ஆள் வந்தது. தோப்பைக் குத்தகைக்குப் பார்க்கிற சங்கிலிப்பாண்டியின் மனைவி முப்பிடாதியம்மாளுக்கு வலி எடுத்து ராத்திரி முழுக்கத் துடித்திருக்கிறாள். பிள்ளை தலை மாறிக் கிடக்கிறது என்று மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள். தலைச்சன் பிள்ளை. டாக்டரம்மா பையோடு ஏறினார். மேலகரத்தில் தூவானம், குற்றாலத்தில் நல்ல சாரல். ஐந்தருவிக்கு ஏறுகிற ரோட்டில் வண்டி இரண்டு தடவை இருமியது. மூன்றாவது தடவை நின்றுவிட்டது.

நான் சாவியைத் திருப்பினேன், திருப்பினேன், திருப்பிக்கொண்டே இருந்தேன். டாக்டரம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, பையைத் தலையில் வைத்து இறங்கி நடந்தார். இரண்டு மைல். வழியில் ஒரு மாட்டு வண்டிகூடக் கிடைக்கவில்லை. அவர் போய்ச் சேர்ந்து தாயைப் பிழைக்க வைத்துவிட்டார். பிள்ளை ஆண் பிள்ளை, மூச்சு இல்லாமல்தான் வந்தது. வண்டி ஓடியிருந்தால் பிள்ளை பிழைத்திருக்குமா என்று பிறகு நான் கேட்டேன். "தெரியாது குத்தாலம்" என்றார். "தெரியாதுன்னு சொல்றதுதான் உண்மை." அந்தத் தெரியாது என்ற சொல் எனக்குப் பல நாள் தூக்கத்தைக் கெடுத்தது.

மீரானுக்கு ஆள் அனுப்பியிருந்தேன். செய்தி கேட்டதும் போட்டது போட்டபடி கிளம்பியிருக்கிறார். பெட்டி இல்லை, தோளில் துணியும் இல்லை. சைக்கிளைப் பள்ளத்தில் சாய்த்துவிட்டு வந்து பின்கதவைத் திறந்தார். கை தன்னால் தோளுக்குப் போயிற்று, துணி இல்லாததால் அப்படியே நின்றது. கொஞ்ச நேரம் உள்ளேயே பார்த்துக்கொண்டு நின்றார்.

"குத்தாலம், வண்டியில கம்பளி கிடக்கா?"

நோயாளிகளுக்காக வைத்திருந்த கருப்புக் கம்பளியை எடுத்துக் கொடுத்தேன். தன் தலையையும் என்ஜினையும் சேர்த்து மூடிக்கொண்டார்.

"சாவியத் திருப்பும்" என்றார் உள்ளிருந்து.

திருப்பினேன். மறுபடி திருப்பச் சொன்னார். இருட்டுக்குள் நெருப்பு எங்கே கசிகிறது என்று பார்க்கிறார் என்பது எனக்குப் புரிந்தது. ஆனால் என்ன பார்த்தார் என்று தெரியாது. சாவியை நிறுத்தச் சொன்ன பிறகும் அவர் கம்பளியை விட்டு வெளியே வரவில்லை. மழை அவர் முதுகில் விழுந்துகொண்டிருந்தது. அழுகிறாரோ என்றுகூட நினைத்தேன்.

வெளியே வந்து என் நெற்றியைப் பார்த்தார். காலையில் இட்ட நீறு மழையில் கரைந்து மூக்கில் வழிந்திருக்கும். "என்ன பாய்?" என்றேன்.

"மூடி போயிட்டுவே. மூடியிலதான் கசிவு. நான் முன்னமே கண்டுபிடிச்சிருக்கணும்" என்றார்.

அந்த நேரம் பார்த்துத் தோப்புப் பக்கமிருந்து சங்கிலிப்பாண்டியும் அவர் மச்சினனும் வந்தார்கள். விறகுக்கோ எதற்கோ போகிறார்கள் என்று நினைத்தேன். மச்சினன் கையில் மண்வெட்டி இருந்தது. என்ன ஆயிற்று என்று அதைப் பார்த்துத்தான் எங்களுக்குத் தெரிந்தது. மச்சினன் நேரே என் சட்டையைப் பிடித்தான். "ஏலே, வண்டியாலே வச்சிருக்க? வண்டியாலே இது?" என்று உலுக்கினான். மீரான் குறுக்கே வந்தார்.

"அவர விடுங்க. அவர் ஓட்டுதவரு. வண்டி என் பொறுப்பு. காலையில நிக்காதுன்னு சொல்லி அனுப்பினது நான். என் தப்பு" என்றார்.

சங்கிலிப்பாண்டி அவரை ஏறிட்டுப் பார்த்தார். அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடிக்கவில்லை. "உம்ம மூஞ்சியில இனிமே நான் முழிக்க மாட்டேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். சொன்னபடியே நடந்தார். ரயிலடிப் பக்கம் வந்தால் மீரான் கடையைத் தாண்டாமல், மூன்று தெரு சுற்றிப் போவார்.

புனலூர்ப் பக்கத்து எஸ்டேட் ஒன்றிலிருந்து வேறு மூடி வாங்கிவந்து மீரான் மாட்டினார். மாட்டிவிட்டுப் பின்கதவைச் சாத்தினார். சாத்திய கதவின் மேல் கையை வைத்துக்கொண்டே என்னிடம் பேசினார்.

"குத்தாலம், நீரு திருநீறு பூசுதீரே, அத பின்னால கொண்டு பூசுதீரே, சரியாவே?"

"என்ஜின் இங்கனதானே இருக்கு."

"என்ஜின் எங்கன வேணும்னாலும் இருக்கட்டும். வண்டிக்கு நெத்தி முன்னாலதானே இருக்கு? முதுகுல போயி யாராவது நீறு பூசுவாங்களா?"

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஒரு முஸ்லிம் வந்து எனக்கு நெற்றி எது முதுகு எது என்று சொல்ல வேண்டியிருக்கிறதே என்று. அன்று முதல் ஸ்டெப்னிக்கு மேலே, முன் தகட்டில் பூசினேன். அதற்குப் பிறகு ஆறு சீசனில் அந்தக் கார் சாரலில் ஒரு நாளும் நின்றதில்லை. மூடி மாற்றியதால் என்று நான் நினைத்தேன். என் புத்தி அவ்வளவுதான்.

மீரான் மாறிப்போனார். தோளில் துணி கிடக்கும், ஆனால் வண்டி வந்ததும் அதை எடுக்க மாட்டார். இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு என்ஜினைச் சுற்றிச் சுற்றி வந்து பார்ப்பார். கால்மணி நேரம், அரைமணி நேரம். "மீரான்பாய்க்குப் பயம் வந்துட்டு, தொட மாட்டேங்காரு" என்று டீக்கடை சொல்லியது. டாக்சிக்காரர்கள் இரண்டு மூன்று பேர் வேறு கடைக்குப் போனார்கள். எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா என்று நானே அவரிடம் சண்டை பிடித்திருக்கிறேன். சுக்குமிட்டாயை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு மாற்றிக்கொள்வார், அவ்வளவுதான் பதில்.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம். கார்புரேட்டருக்கு ஒரு சின்னத் திருகாணி தேவைப்பட்டது. கடைக்குப் போனால் மீரான் ஜும்மாவுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"அந்த பிஸ்கட் டப்பாவுல கிடக்கும், எடுத்துக்கிடும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கடையில் பிஸ்கட் டப்பா இரண்டு இருந்தது. நான் தப்பான டப்பாவைத் திறந்தேன். உள்ளே வெளுத்த வெள்ளைத் துணியில் ஏதோ சுற்றி வைத்திருந்தது. பிரித்தேன். எங்கள் காரின் பழைய மூடி. கருப்புப் பரப்பில் மூன்று கோடுகள். வெள்ளைக் கோடு இல்லை, நெருப்பு ஓடி ஓடி எரிந்து பள்ளம் விழுந்த கோடுகள். பக்கத்தில் பக்கத்தில், நடுவில் இருப்பது கொஞ்சம் நீளமாக.

எதற்கு அப்படிச் செய்தேன் என்று தெரியவில்லை. என் மூன்று விரலையும் நெருக்கி அதன் மேல் வைத்தேன். மூன்றும் பொருந்தின.

கடை பெஞ்சில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். தொழுகை முடிந்து மீரான் வந்தார். என் மடியில் மூடியைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றி மடித்துப் பைக்குள் வைத்தார்.

"தெரிஞ்சும் ஏன் பாய் சொல்லல?" என்று கேட்டேன்.

"என்னன்னு சொல்ல? கோவில்ல வாங்கின நீறுதான் பிள்ளையக் கொன்னுட்டுன்னு, அதையும் நான் சொல்லணுமா? உம்மகிட்டச் சொன்னா நீரு அதோட கோவிலுக்குப் போறத விட்டிருப்பீரு. ஊருல சொன்னா அது வேற எங்கனயோ கொண்டு போயி விடும்."

"அதுக்காக என் பழிய நீரு சொமக்கணுமா?"

"உம்ம பழி மட்டும் இல்லவே அது." மூடியை என் கையிலிருந்து வாங்கித் துணியால் சுற்றினார். "நீரு பூசினீரு, சரி. தெரியாமப் பூசினீரு. நான் மெக்கானிக்கு. மூணு வருசம் அது என் கைக்குள்ளயே இருந்துருக்கு. பாத்துட்டுத் துடைச்சிருந்தா முதல் சீசன்லயே முடிஞ்சிருக்கும். நான் துடைச்சுட்டுல்லா பாத்தேன். எது கோளாறுன்னு தேடுதேன் தேடுதேன்னு அதத்தானே முதல்ல அழிச்சேன்? என் தப்புன்னு நான் சொன்னது பொய் இல்ல."

"பாதி பொய்" என்றேன்.

"பாதிதானே" என்றார்.

அவர் யாரிடமும் சொல்லாதீர் என்று கேட்டுக்கொண்டார். நான் சரி என்று தலையாட்டவில்லை. நாலு நாள் வீட்டில் சுருண்டு கிடந்தேன். என் மனைவி ஆவுடைத்தாய் காய்ச்சல் என்று கஷாயம் வைத்தாள். ஐந்தாம் நாள் காலையில் எழுந்து, குளித்து, நீறு பூசாமல் தோப்புக்கு நடந்தே போனேன். காரில் போக மனசு வரவில்லை.

சங்கிலிப்பாண்டி கிணற்றடியில் இருந்தார். மண்ணெண்ணெயில் ஓடுகிற பம்பு என்ஜின் ஒன்றைப் போட்டு உதைத்துக்கொண்டிருந்தார். அது கிளம்பவில்லை. முப்பிடாதியம்மாள் தூரத்தில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாள். இந்த ஆறு வருஷத்தில் அவளுக்கு ஒரு பெண் பிள்ளை பிறந்து, அது ஈரத் துணிக்குள் புகுந்து விளையாடிக்கொண்டிருந்தது. டாக்டரம்மா பார்த்த பிரசவம், அந்தக் காரிலேயே போய்.

"வாங்க டிரைவரண்ணாச்சி. என்ன, நெத்தி வெறுமையாக் கிடக்கு?" என்றார்.

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கோவில், மூடி, மூன்று விரல், மீரான் கம்பளிக்குள் பார்த்தது, வெளியே வந்து தன் தப்பு என்று சொன்னது, பிஸ்கட் டப்பா. ஒன்றையும் விடவில்லை. சொல்லி முடித்து, "அடிக்கணும்னா அடிச்சிருங்க. ஆனா அந்த மனுசன விட்டுருங்க" என்றேன்.

அவர் என்ஜினின் சக்கரத்தைச் சும்மா கையால் சுற்றிக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கு ஆளு அனுப்பிட்டு நானும் வாசல்லதான் நின்னேன்" என்றார் கடைசியில். "வீட்டுல இருந்த திருநீற அள்ளி நெத்தியில, நெஞ்சுல, அவ வயித்துலன்னு பூசினேன். டாக்டரம்மா வண்டி சீக்கிரம் வந்துரணும், வந்துரணும்னு சொல்லிச் சொல்லிப் பூசினேன். நீங்க வண்டிக்குப் பூசினீங்க. ரெண்டு பேரும் கேட்டது ஒண்ணுதான் அண்ணாச்சி."

என்னால் தாங்க முடியவில்லை. வாய்விட்டு அழுதுவிட்டேன். ஐம்பது வயசில் கிணற்றடியில் நின்று அழுதேன் என்று எழுத எனக்கு வெட்கம் இல்லை. முப்பிடாதியம்மாள் என்ன ஏது என்று ஓடி வந்தாள். அவளிடம் அவர் ஒன்றும் சொல்லவில்லை, பிறகு சொல்லியிருப்பார். உள்ளே போய் திருநீற்று மரவைக் கிண்ணத்தை எடுத்துவந்து என் முன்னால் நீட்டினார். பூசிக்கொண்டேன்.

மறுநாள் காலை பத்து மணிக்கு ரயிலடியில் மாட்டு வண்டி ஒன்று மீரான் கடை வாசலில் நின்றது. மூன்று தெரு சுற்றாமல் நேரே வந்த வண்டி. டீக்கடையில் எல்லாரும் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு எழுந்து நின்று பார்த்தார்கள். நானும் அங்கேதான் இருந்தேன். சங்கிலிப்பாண்டியும் மச்சினனும் பம்பு என்ஜினைத் தூக்கிக் கடைக்குள் இறக்கினார்கள்.

மீரான் எழுந்து நின்றார். இரண்டு பேரும் என்ஜினையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நாலு நாளா கெளம்ப மாட்டேங்குது" என்றார் சங்கிலிப்பாண்டி. "வயித்துக் கோளாறா, நரம்புக் கோளாறான்னு நீங்கதான் பாத்துச் சொல்லணும்."

என்ஜினில் சேறும் எண்ணெயும் அப்பிக் கிடந்தது. மச்சினன் தோள் துண்டை எடுத்து அதைத் துடைக்கப் போனான்.

"துடைக்காதீங்க" என்றார் மீரான். "முதல்ல பாத்துக்கிடுதேன்."